இரைச்சலில் மறைந்த எதிரொலியும் ஒற்றைப் பிட் பதிவும்

ரேடார் நிலையத்திலிருந்து புறப்படும் வானொலி அலைத் துடிப்பு, விமானத்தின் மீதோ மலை முகட்டின் மீதோ மழைத்துளிக் கூட்டத்தின் மீதோ பட்டுச் சிதறி, அதில் ஒரு சிறு பகுதி புறப்பட்ட இடத்திற்கே மீள்கிறது என்பதும், சென்று மீண்ட காலத்தைக் கொண்டு இலக்கின் தொலைவு கணிக்கப்படுகிறது என்பதும் யாவரும் அறிந்தவை. ஒரு மைக்ரோ செகண்டுக்கு 150 மீட்டர் என்பது அக்கணக்கு. மீள்வதை எதிரொலி என வழங்குகிறோம். அது ஒலியன்று, மின்காந்த அலையே. எனினும் வழக்கில் நிலைபெற்ற சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. அது எத்துணை மெலிந்து மீள்கிறது என்பதே நாம் கருத வேண்டியது. இலக்கின் தொலைவு இரு மடங்கானால் எதிரொலியின் திறன் பாதியாகவோ காற்பங்காகவோ குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது.

இவ்வாறு மெலிந்து வருவதை வரவேற்கக் காத்திருக்கும் ஏற்பியும் அமைதியான இடமன்று. மின்கடத்திகளுள் உள்ள எலெக்ட்ரான்கள் வெப்பத்தினால் ஓயாது அலைக்கழிவதால், எதிரொலி ஏதும் வராதபோதும் ஏற்பியில் ஒழுங்கற்ற மின்னழுத்தம் தோன்றிக்கொண்டே இருக்கும். இதனையே இரைச்சல் என்கிறோம். சாதாரண வெப்பநிலையில், ஒரு மெகாஹெர்ட்சு அகலமுள்ள ஏற்பியில், இந்த இரைச்சலின் அளவு ஒரு வாட்டைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் நான்கு கூறுகள் ஆகும். சிறிதினும் சிறிது என்று தோன்றும். ஆனால் தொலைவிலுள்ள இலக்கின் எதிரொலி இதனினும் சிறிதாயிருப்பது உண்டு.

முன்னாளில் இரைச்சலிலிருந்து எதிரொலியைப் பிரித்தறியும் வேலையை மனிதக் கண்ணே செய்தது. இந்திய வானிலைத் துறை 1954இல் கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் நிறுவிய புயல்காண் ரேடாரைப் போன்ற கருவிகளில், எதிரொலிகள் திரையில் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். இரைச்சலும் புள்ளிகளை உண்டாக்கும். ஆயினும் இரைச்சற் புள்ளி ஒரு முறை தோன்றிய இடத்தில் மறுமுறை தோன்றுவதில்லை. இலக்கின் புள்ளியோ ஒவ்வொரு துடிப்பிற்கும் அதே இடத்தில் தோன்றுகிறது. திரையில் பூசிய ஒளிரும் பொருள் சிறிது நேரம் ஒளியைத் தாங்கி நிற்பதால், மீண்டும் மீண்டும் விழும் புள்ளி மற்றவற்றைவிடப் பொலிவு பெறும். இயக்குநர் தம்மை அறியாமலே ஒரு கூட்டற் கணக்கைச் செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையன்று.

இக்கூட்டலை எந்திரத்திடம் ஒப்படைக்க முற்பட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. எந்திரம் எண்களையே கூட்ட வல்லது. எனவே ஏற்பியில் தோன்றும் மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்ணாக்க வேண்டும். அளவுகோலில் எத்தனை கோடுகள் இடுவது? மிக நுட்பமாக அளந்தால் ஒவ்வோர் அளவையும் குறிக்கப் பல இலக்கங்கள் தேவைப்படும். அவற்றைச் சேமிக்கவும் கூட்டவும் மிகுந்த உறுப்புகள் வேண்டும். கோடுகளைக் குறைத்துக்கொண்டே சென்றால் இறுதியில் ஒரே கோடு எஞ்சும். மின்னழுத்தம் அக்கோட்டிற்கு மேலா, கீழா என்பது மட்டுமே பதிவாகும். மேல் எனில் 1, கீழ் எனில் 0. இதுவே ஒற்றைப் பிட் பதிவு. ஒரு துணிக்கடைக்காரர் கஜக்கோலை எறிந்துவிட்டு, ‘இது வேட்டிக்குப் போதும், இது போதாது’ என்று மட்டும் சொல்லி வாணிகம் நடத்துவதைப் போன்றது இது. இத்துணைக் கரடுமுரடான பதிவிலிருந்து, இரைச்சலிலும் மெலிந்த எதிரொலியைக் கண்டறிய இயலுமா?

இயலும். அது மட்டுமன்று, இழப்பும் நாம் அஞ்சும் அளவிற்கு இல்லை. இதன் காரணத்தை எண்களைக் கொண்டே காண்போம்.

இரைச்சல் சிறிதும் இல்லாத ஏற்பியை முதலில் எண்ணிப் பாருங்கள். கோடு பூச்சிய வோல்ட்டில் உள்ளது. எதிரொலியின் மின்னழுத்தம் 0.1 அலகு எனில், ஒவ்வொரு முறையும் 1 என்றே பதிவாகும். எதிரொலி 0.2 அலகு எனினும் அதே விடைதான். பத்தாயிரம் முறை அளந்தாலும் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. இரைச்சலற்ற நிலையில் ஒற்றைப் பிட் பதிவு உண்மையாகவே குருடு.

இனி, அதே ஏற்பியில் 1 அலகு திட்ட விலக்கமுள்ள இரைச்சலைச் சேர்ப்போம். எதிரொலி இல்லாதபோது, மின்னழுத்தம் பூச்சியத்திற்கு மேலும் கீழும் சம வாய்ப்புடன் ஊசலாடும். 10,000 அளவீடுகளில் ஏறத்தாழ 5,000 முறை 1 பதிவாகும். இந்த எண்ணிக்கை தற்செயலால் 50 அளவிற்குக் கூடியும் குறைந்தும் வரும். 0.1 அலகு எதிரொலி வந்து சேர்ந்ததும், மேலே நிற்கும் வாய்ப்பு சற்றுக் கூடி, 5,398 முறை 1 பதிவாகும் என எதிர்பார்க்கலாம். மிகை 398. தற்செயல் ஊசலாட்டமாகிய 50உடன் ஒப்பிட்டால் இது ஏறக்குறைய எட்டு மடங்கு. ஐயத்திற்கு இடமில்லை, எதிரொலி உண்டு. எதிரொலி 0.2 அலகாயின் எண்ணிக்கை 5,793. முன்னர்ப் பிரித்தறிய இயலாதிருந்த இரண்டும் இப்போது தெளிவாகப் பிரிகின்றன. எதிரியெனக் கருதிய இரைச்சலே, கோட்டின் அருகில் மின்னழுத்தத்தை ஓயாது ஆட்டி, பிட்டைப் பேசவைக்கிறது.

நுட்பமான அளவுகோலைப் பயன்படுத்தியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பத்தாயிரம் அளவீடுகளின் கூட்டுத்தொகை 1,000 அலகு. அதன் தற்செயல் விலக்கம் 100 அலகு. அஃதாவது பத்து மடங்கு. கரடான பதிவு தந்தது எட்டு மடங்கு. கோடுகள் அனைத்தையும் துறந்ததற்கு நாம் கொடுத்த விலை, பத்திற்கு இரண்டுதான். அவ்விலையையும் மீட்டுக்கொள்ளலாம்: 10,000 அளவீடுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 15,700 அளவீடுகள் எடுத்தால் இரு முறைகளும் சமமாகும். அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்பது இக்கணக்கின் அடிப்படை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் மூன்று பகடைக் காய்களைக் கொண்டு செய்து காட்டலாம். ஒரு மாணவர் மறைவில் மூன்று காய்களையும் உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்க்கட்டும். அது 11 அல்லது அதற்கு மேல் எனில் ‘மேல்’ என்றும், 10 அல்லது அதற்குக் கீழ் எனில் ‘கீழ்’ என்றும் மட்டும் சொல்லட்டும். மேலும் கீழும் சரிபாதியாக வரும். இனி, அம்மாணவர் வகுப்பிற்குத் தெரிவிக்காமல், ஒரு தொடர் முழுவதிலும் ஒவ்வொரு கூட்டுத்தொகையுடனும் 1 சேர்த்துக்கொண்டு சொல்வதா, சேர்க்காமல் சொல்வதா என்று முன்கூட்டித் தீர்மானிக்கட்டும். அந்த ஒன்றே எதிரொலி. காய்களின் ஊசலாட்டமே இரைச்சல். காய்த்தொகையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 3; ஆகவே எதிரொலி இரைச்சலில் மூன்றில் ஒரு பங்கே. பத்து வீச்சுகளில் வகுப்பு எதையும் உறுதியாகக் கூற இயலாது. நூறு வீச்சுகளில், எதிரொலி இல்லையேல் ‘மேல்’ ஏறக்குறைய 50 வரும். இருந்தால் 62 அல்லது 63 வரும். ‘57 அல்லது அதற்கு மேல் வந்தால் எதிரொலி உண்டு’ என்று விதி வகுத்துக்கொண்டால், இல்லாததை உண்டென்று சொல்லும் பிழையும், இருப்பதை இல்லையென்று சொல்லும் பிழையும் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு முறை அளவிற்கு நேரும். வகுப்பினர் குழுக்களாகப் பிரிந்து 400 வீச்சுகள் எடுத்து, விதியை 225 என்று வைத்துக்கொண்டால், இரு பிழைகளும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஒரு மணி நேரப் பாடத்தில் முடியக்கூடிய சோதனை இது. கூட்டலின் வலிமையைச் சொற்பொழிவினும் நன்றாக உணர்த்தும்.

இந்த இழப்பின் சரியான அளவை வகுத்தவர்களுள் அமெரிக்க இயற்பியலார் வான் விளெக் முதன்மையானவர். காந்தவியல் ஆராய்ச்சிக்காக 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில், பகைவரின் ரேடாரைக் குழப்பும் பணியில் ஈடுபட்டிருந்தார். தலைவெட்டப்பட்ட இரைச்சலின் இயல்பை ஆராய்ந்து 1943இல் அவர் எழுதிய அறிக்கை, மிடில்டனுடன் இணைந்த கட்டுரையாக 1966இல்தான் பொது இதழில் வெளியாயிற்று. இரண்டு இரைச்சல் அலைகளுக்கிடையே உள்ள ஒப்புமை, அவை ஒற்றைப் பிட்டாகச் சுருக்கப்பட்ட பின்னும் ஒரு நிலையான விதிப்படியே குறைகிறது என்று அவர் காட்டினார். மூல ஒப்புமை பாதி என்றால், சுருக்கிய பின் மூன்றில் ஒன்றாகத் தோன்றும். விதி தெரிந்திருப்பதால் மூன்றில் ஒன்றைக் கண்டவர் பாதியை மீட்டுக்கொள்ளலாம். இரைச்சலினும் மெலிந்த எதிரொலிக்கு, திறன் அளவில் ஒற்றைப் பிட் பதிவில் எஞ்சுவது 2-ஐப் பையால் வகுத்துக் கிடைக்கும் ஈவு, அஃதாவது 64 சதவிகிதம். பொறியியலார் இதனை ஏறத்தாழ 2 டெசிபெல் இழப்பு என்பர். அளவுகோலில் இரண்டு கோடுகளிட்டு மூன்று படிகளாக்கினால் 81 சதவிகிதம் எஞ்சும். நான்கு படிகளில் 88. எட்டுப் படிகளில், அஃதாவது மூன்று பிட்டுகளில், 96. அதற்குமேல் கோடுகளைப் பெருக்குவதால் மெலிந்த எதிரொலியைக் காண்பதில் பெறும் ஆதாயம் மிகச் சிறிது.

உண்மை எதிரொலி மாறாத மின்னழுத்தமன்று, அலைவது என்று வாசகர்கள் தடை எழுப்பலாம். தடை நியாயமானதே. செலுத்தும் துடிப்பினுள், முன்னரே வகுத்த ஒரு கூட்டல்-கழித்தல் குறிக்கோவையை அமைத்துவிடுவது வழக்கம். திருப்பதிக்கு அருகிலுள்ள கடங்கியில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் 53 மெகாஹெர்ட்சு வளிமண்டல ரேடார், 1,024 யாகி வானலை வாங்கிகளின் வழியே இத்தகைய கோவைத் துடிப்புகளையும் செலுத்த வல்லது. ஒற்றைப் பிட் முறையில், மீண்டு வந்த ஒவ்வோர் அளவீட்டின் குறியும் செலுத்திய கோவையின் குறியுடன் ஒத்ததா, ஒவ்வாததா என்று எண்ணினால் போதும். கணக்கு மேலே கண்டதேதான்.

இன்னொரு முறையும் உண்டு. 1950களில் தானியங்கிக் கண்டறிதலுக்கென வகுக்கப்பட்ட இது, கோட்டைப் பூச்சியத்தில் வைக்காமல் உயர்த்தி வைக்கிறது. ஏற்பியின் வெளிப்பாட்டு வலிமை கோட்டைக் கடந்தால் 1. ஒரே தொலைவிலிருந்து அடுத்தடுத்த பத்துத் துடிப்புகளுக்கு வரும் விடைகளுள் ஐந்தேனும் 1 ஆயின் ‘இலக்கு உண்டு’ என அறிவிக்கப்படும். ஒரு துடிப்பில் இரைச்சல் மட்டுமே கோட்டைக் கடக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொள்வோம். தனியே பார்த்தால் இது வெட்கத்திற்குரிய கருவி. ஆனால் பத்தில் ஐந்து என்னும் விதியின்பின், பொய் அறிவிப்பின் வாய்ப்பு ஏறக்குறைய அறுநூற்றில் ஒன்றாகக் குறைகிறது. உண்மை எதிரொலி ஒவ்வொரு துடிப்பிலும் பத்தில் ஆறு முறைதான் கோட்டைக் கடக்கும் என்றாலும், விதியின்பின் அது நூற்றில் 83 முறை கண்டறியப்படுகிறது. நம்பத்தகாத பத்துச் சாட்சிகளிலிருந்து நம்பத்தக்க தீர்ப்பு ஒன்று கிடைக்கிறது.

அறுநூற்றில் ஒன்று போதுமா என்பது வேறு கேள்வி; நிலையப் பணியாளர்கள் பலமுறை மறந்துவிடும் கேள்வியும் அதுவே. 200 கிலோமீட்டர் வரை நோக்கும் ரேடாரில், 150 மீட்டருக்கு ஓர் அறையாகப் பிரித்தால், ஒரு திசையிலேயே ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் அறுநூற்றில் ஒரு பொய் என்றால், எத்திசை நோக்கினும் இரண்டு பொய் இலக்குகள் காத்திருக்கும். கோட்டை உயர்த்தி, ஒரு துடிப்பில் இரைச்சல் கடக்கும் வாய்ப்பை நூற்றில் ஒன்றாக்கினால், பத்தில் ஐந்து விதியின்பின் பொய் பத்துக் கோடியில் இரண்டு அல்லது மூன்றாகிவிடும். ஆனால் மெலிந்த உண்மை இலக்குகளும் அக்கோட்டின் கீழே மறைந்துபோகும். கோட்டை எங்கே வைப்பது என்பதைக் கணிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பொய் அறிவிப்பினால் நேரும் கேடு பெரிதா, தவறவிட்டால் நேரும் கேடு பெரிதா என்பதும் அதில் கலந்திருக்கிறது.

இதனை வெள்ளிக் கோளின் வரலாற்றினும் நன்றாக விளக்கும் நிகழ்ச்சி இல்லை. 1958 பிப்ரவரியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மில்ஸ்டோன் குன்றில், 84 அடி விட்டமுள்ள கிண்ண வாங்கியைக் கொண்டு வெள்ளிக்கு ரேடார்த் துடிப்புகள் செலுத்தப்பட்டன. மீண்டு வந்தவை காந்த நாடாவில் பதிவாகி, எண்களாக்கப்பட்டு, கணிப்பொறியால் கூட்டப்பட்டன. பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவு அந்நாளில் வேண்டிய நுட்பத்துடன் தெரியாதிருந்தமையால், எதிரொலி எந்தக் கணத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை; பல கணங்களிலும் தேட வேண்டியதாயிற்று. தேடியதில் ஓரிடத்தில் முகடு தெரிந்தது. எதிரொலி கிடைத்ததென 1959இல் வெளியிட்டனர். இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் நிலையமும் அதே ஆண்டில் தன் சோதனை அதனை உறுதிப்படுத்துவதாகக் கருதியது. மில்ஸ்டோனில் மேலும் செம்மையான கருவிகளுடன் மீண்டும் முயன்றபோது ஒன்றும் கிட்டவில்லை. 1961 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் ஐயத்திற்கிடமற்ற எதிரொலியைப் பெற்றது. அதிலிருந்து கிடைத்த தொலைவு 1958இன் விடையுடன் பொருந்தவில்லை. முன்னர்க் கண்ட முகடுகள் வெறும் இரைச்சல்!

அவர்கள் திறமையற்றவர்களல்லர், கருவிகளும் அக்காலத்தில் தலைசிறந்தவை. திட்ட விலக்கத்தைப் போல் மும்மடங்கு உயரமுள்ள முகடு ஓர் அறையில் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 740இல் ஒன்றுதான். ஆயினும் ஆயிரம் அறைகளில் தேடுபவருக்கு அத்தகைய முகடு ஒன்றேனும் கிட்டாதிருந்தால்தான் வியப்பு. கண்டது எவ்வளவு உயரம் என்று கேட்பதோடு, எத்தனை இடங்களில் தேடிக் கண்டது என்றும் கேட்க வேண்டும்.

அதே 84 அடிக் கிண்ணம் ஐந்தாண்டு கழிந்து தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டது. வைன்ரெப் என்னும் பொறியியலார் அமைத்த ஒற்றைப் பிட் ஒப்புமைக் கணிப்பானை அதனுடன் இணைத்து, 1963இல் விண்மீன்களுக்கிடைப்பட்ட வெளியில் ஹைட்ராக்சில் மூலக்கூற்றின் 18 சென்டிமீட்டர் அலையைக் கண்டறிந்தனர். வானொலி அலைகளால் அவ்வெளியில் அறியப்பட்ட முதல் மூலக்கூறு அதுவே. இது ரேடார் எதிரொலியன்று, இயற்கை எழுப்பிய அலை. எனினும் இரைச்சலினும் மெலிந்ததை ‘மேல், கீழ்’ என்னும் பதிவினால் பிடித்த வகையில் நம் பொருளைச் சேர்ந்ததே. எதிர்பார்த்த அலைவரிசையிலேயே அது தோன்றியது; தேட வேண்டிய அறைகள் சிலவே.

ஒற்றைப் பிட் பதிவிற்கு மற்றொரு நற்பண்பும் உண்டு. ஏற்பியின் இரைச்சல் வெப்பத்தாலும் பருவத்தாலும், பகைவர் செய்யும் குழப்பத்தாலும் கூடிக் குறையும். நுட்பமான அளவுகோலில் கோட்டை நிலையாக வைத்திருந்தால், இரைச்சல் இரு மடங்கானவுடன் பொய் இலக்குகள் திரையை நிரப்பிவிடும். பூச்சியத்தில் கோடு வைத்த ஒற்றைப் பிட்டுக்கு இரைச்சலின் வலிமை தெரியவே தெரியாது. வலிமை எதுவாயினும் மேலும் கீழும் சரிபாதி. எனவே பொய் அறிவிப்பின் விகிதம் மாறாது நிற்கிறது. அறியாமையே இங்கு ஒரு காப்பு.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, கோடு மிகச் சரியாகப் பூச்சியத்தில் நிற்க வேண்டும். இரைச்சலின் திட்ட விலக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு விலகினாலும், 10,000 அளவீடுகளில் 40 எண்ணிக்கை மிகும். அது 50இன் ஊசலாட்டத்தில் மறைந்துவிடும். ஆனால் பத்து இலட்சம் அளவீடுகளைக் கூட்டும்போது மிகை 4,000 ஆகும், ஊசலாட்டமோ 500தான். இல்லாத இலக்கு எட்டு மடங்கு உறுதியுடன் தோன்றும். இதற்கு எளிய மருந்து, துடிப்புகளின் குறியை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிச் செலுத்துவது. எதிரொலியின் குறி மாறும். கோட்டின் பிழை மாறாது. கழித்தால் பிழை நீங்கும்.

இரண்டாவது குறை இதனினும் கடியது. அருகே வலிமைமிக்க வேறோர் அலை இருந்தால் பிட்டு அதற்கே அடிமையாகிவிடும். இரைச்சலைப் போல் மும்மடங்கு வலிய அலை ஒன்று மின்னழுத்தத்தை மேலே தூக்கி நிறுத்தியிருக்கும் கணங்களில், நம் 0.1 அலகு எதிரொலி 10,000 அளவீடுகளில் 398 எண்ணிக்கைக்குப் பதிலாக நான்கை மட்டுமே கூட்டும். எட்டு மடங்கு உறுதி ஒரு மடங்காகச் சுருங்கிவிடும். மலைகள் சூழ்ந்த இடத்திலும் ஒலிபரப்பு நிலையத்தின் அண்மையிலும் ஒற்றைப் பிட் ஏற்பி தடுமாறுவது இதனால்தான். அங்கே கூடுதல் பிட்டுகள் ஆடம்பரமல்ல.

மழையை அளப்பவர்களுக்கும் இது பயன்படாது. சென்னையில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் போன்றவற்றின் நோக்கம் மேகம் உண்டா இல்லையா என்பதன்று. எதிரொலியின் வலிமையிலிருந்து மழையின் கடுமையை மதிப்பிடுவது. தூறலுக்கும் பெருமழைக்கும் இடையே எதிரொலியின் திறன் பல்லாயிரம் மடங்கு வேறுபடும். இரைச்சலை வென்று நிற்கும் அத்தகைய எதிரொலியை ஒற்றைப் பிட்டாக்கினால், வேண்டிய செய்தியை நாமே எறிந்துவிடுகிறோம்.

மெலிந்ததைத் தேடுவோர் இம்முறையைக் கைவிடவில்லை. கோடு ஒன்றே உள்ள அளவியை ஒரு சிறு ஒப்பீட்டுச் சுற்றாக அமைத்துவிடலாம். அது செலவிடும் மின்திறனும் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான வாங்கிகளை ஒருங்கிணைக்கும் ரேடார்களுக்கு இது அண்மைக் காலத்தில் மீண்டும் ஆராயப்பட்டு வருகிறது. 2017இல் உலகின் பல இடங்களிலிருந்து எம்-87 உடுமண்டலத்தின் கருந்துளையை நோக்கிய வானொலித் தொலைநோக்கிகள், ஒவ்வோர் அளவீட்டையும் இரண்டு பிட்டுகளில்தான் பதிந்தன. 2019இல் வெளியான படம் அப்பதிவுகளிலிருந்து உருவானதே. கைப்பேசியில் இடங்காட்டும் ஏற்பிக்குச் செயற்கைக் கோளிலிருந்து வந்து சேரும் அலை, இரைச்சலில் நூற்றில் ஒரு பங்கு அளவினது. 1,023 குறிகள் கொண்ட கோவையுடன் அதனை ஒப்பிட்டு எண்ணும் அவ்வேற்பிகளுள் பலவும் ஒன்று அல்லது இரண்டு பிட்டுகளோடு நிறைவடைகின்றன.